சோதனை யாருக்கு

ஹெல்கா: ...சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன், சன்னா. நீங்க மொத மொதலா என்கிட்ட வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னே சந்தேகமா இருக்கு. ஞாபகம்னு நான் நினைக்கிறதுல பாதி, அப்புறமா நானே சேர்த்துக்கிட்டதா இருக்கலாம். அன்னைக்குப் பனி பெஞ்சுதா, வெறும் காத்தா...

சன்னா: பனிதான். அக்டோபர்லயே. வண்டி ரெண்டு தடவை நின்னுச்சு.

ஹெல்கா: நீ கறுப்புத் தலைத்துணி கட்டியிருந்த. வெள்ளைப் புள்ளி போட்டது.

சன்னா: எங்க சபைக் காலனியில எல்லாப் பொம்பளைங்களும் எல்லா நாளும் அதான் டாக்டரம்மா கட்டறோம். இப்பவும் அதான் கட்டியிருக்கேன். இதுக்குப் பேரு ஞாபகமா?

ஹெல்கா: சரி, விடு. உன் வீட்டுக்காரர் தொப்பியை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசல.

சன்னா: பேசல.

ஹெல்கா: அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அந்தத் தொப்பியோட ஓரத்தைச் சுத்திச் சுத்தித் தடவிக்கிட்டே...

சன்னா: ...

ஹெல்கா: காபி ஆறுது.

சன்னா: குடிக்கறேன். மூணு மணிக்கு எங்க டிரைவர் பீட்டர் வண்டி கொண்டாந்துருவான். சந்தையில கோழியை இறக்கிட்டு நேரா இங்கதான். ரெண்டு தடவை ஹாரன் அடிப்பான். மூணாவது அடிக்க மாட்டான், போயிட்டே இருப்பான்.

ஹெல்கா: இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு. அது என்ன பாட்டில்?

சன்னா: ருபார்ப் ஒயின். தோட்டத்துப் புளிப்புத் தண்டுல நானே போட்டது. உங்களுக்குத்தான்.

ஹெல்கா: நோயாளிங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன். ஓய்வு வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு, இனிமே வாங்கலாம்.

சன்னா: அப்பவும் வாங்கினீங்க.

ஹெல்கா: அது வாத்து. வாத்து சேர்த்தியில்ல.

சன்னா: வருஷத்துக்கு ரெண்டு.

ஹெல்கா: சரி, விஷயத்தைச் சொல்லு. ஒயின் குடுக்கறதுக்காக நாப்பது மைல் வர்ற ஆள் இல்ல நீ.

சன்னா: யாக்கோபுக்கு வந்திருக்கு.

ஹெல்கா: உன் மகனுக்கா? என்ன வந்திருக்கு?

சன்னா: சோதனை.

ஹெல்கா: ...எப்போலேருந்து?

சன்னா: ஆகஸ்டுல சீட்டு போட்டாங்க. என் வீட்டுக்காரர் கண்ணை மூடினதுலேருந்து அவரு பார்த்த பிரசங்கியார் இடம் ரெண்டு வருஷமா காலியாத்தான் கிடந்துச்சு. அஞ்சு பேர் பேரை எழுதித் தொப்பியில போட்டாங்க. இவன் சீட்டு வந்துச்சு. கர்த்தர் எடுத்த சீட்டை வேண்டாம்னு யார் சொல்றது?

ஹெல்கா: அவனுக்கு இப்ப வயசு...

சன்னா: நாப்பத்தொண்ணு. பன்றிக் கொட்டகை பூரா அவன் பொறுப்புல இருந்துச்சு. மொத ஞாயிறு நல்லாத்தான் வாசிச்சான். மூணாவது ஞாயிறு பாதியில நிறுத்திட்டான். வாயைத் திறந்தா வேற வார்த்தை வருதாம். கர்த்தரையே ஏசுற வார்த்தை. பிசாசு என் நாக்குல உட்கார்ந்திருக்கு, நான் கைவிடப்பட்டவன்னு சொல்றான். சோறு இறங்கல. தூக்கம் இல்ல. தனியாப் போய் அந்தக் கொட்டகையில நிக்கிறான். ரெபேக்கா கொட்டகைச் சாவியை அவன்கிட்டேருந்து வாங்கி வச்சுக்கிட்டா.

ஹெல்கா: அவன் சம்சாரமா? சாவியை எதுக்கு...

சன்னா: எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

ஹெல்கா: தனியா விடறீங்களா அவனை?

சன்னா: விடுவோமா? சோதனை வந்தவனைத் தனியா விடற வழக்கம் எங்ககிட்ட இல்ல. வயல்ல ஒருத்தன், சாப்பாட்டு மேசையில ஒருத்தன், மாத்தி மாத்தி யாராவது கூடவே இருக்காங்க. இப்ப என் மருமகன் இருக்கான்.

ஹெல்கா: நல்லது. டாக்டர்கிட்ட?

சன்னா: டவுன் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். புதுசா வந்த டாக்டரு. நல்லவருதான், குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு. குரல் கேக்குதா, ஆமாவா இல்லையா? இது குரல் இல்லீங்க, சோதனைன்னு யாக்கோபு சொன்னான். அதுக்கு இதுல பெட்டி இல்லையேன்னாரு.

ஹெல்கா: பெட்டியா?

சன்னா: டிக் பண்ற பெட்டி. குரலுக்கு ஒண்ணு இருக்காம், சந்தேகத்துக்கு ஒண்ணு இருக்காம். சோதனைக்கு இல்லையாம். அப்புறம், சோதனைன்னா ரத்தச் சோதனையான்னு கேட்டாரு.

ஹெல்கா: சிரிக்கக் கூடாது...

சன்னா: சிரிங்க. நானும் சிரிச்சேன். யாக்கோபு சிரிக்கல. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. கர்த்தர் போட்ட சீட்டை மாத்திரை போட்டு மாத்த முடியாதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டான்.

ஹெல்கா: உன் பேச்சைக் கேக்க மாட்டானா? நீயே மாத்திரை சாப்பிட்டவதானே. பதினோரு வருஷம்.

சன்னா: அங்கதான் இடிக்குது. அதைத்தான் என் மூஞ்சிக்கு நேரா சொன்னான். "உங்களுக்கு வந்துச்சு, நீங்க மாத்திரை சாப்பிட்டீங்க, சரி. நீங்க சபை முன்னாடி நிக்க வேண்டியதில்ல. அப்பா முப்பது வருஷம் நின்னார். ஒரு நாள் அவர் நாக்கு புரண்டதில்ல. எனக்கு அவர்கிட்டேருந்து எதுவுமே வரல. உங்க ரத்தம்தான் வந்திருக்கு." கோபத்துல சொல்லல. மெதுவாச் சொன்னான். அதான் தாங்கல.

ஹெல்கா: நீ என்ன சொன்ன?

சன்னா: ரொட்டி பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். பிசைஞ்சேன். வர்ற ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி எழுந்து நிக்கப் போறானாம். மன்னிப்பே இல்லாத பாவம் பண்ணிட்டேன், என்னைத் தள்ளி வைங்கன்னு கேக்கப் போறானாம். அவனே கேட்டா தள்ளித்தான் வைப்பாங்க. தள்ளி வச்சவன் தனி அறையில படுக்கணும், தனியாச் சாப்பிடணும். கூட யாரும் இருக்க மாட்டாங்க, டாக்டரம்மா. தனியா இருந்தான்னா...

ஹெல்கா: புரியுது. இன்னைக்கு வியாழன்.

சன்னா: ஆமா. மூணு நாள்.

ஹெல்கா: நான் என்ன செய்யணும்?

சன்னா: ஒரு பொய் சொல்லணும்.

ஹெல்கா: என்னது?

சன்னா: அவன் என்னை நம்ப மாட்டான், உங்களை நம்புவான். "உங்க அப்பாவுக்கும் சோதனை வந்துச்சு, அவரும் என்கிட்ட மாத்திரை வாங்கினார்"னு ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. அவ்வளவுதான்.

ஹெல்கா: நீயா என்னைப் பொய் சொல்லச் சொல்ற? ஒரு முட்டை கூடுதலா வந்தாத் திருப்பிக் குடுக்கற ஆளுங்க நீங்க.

சன்னா: அதான் உங்ககிட்ட வந்தேன். எங்ககிட்ட பொய் சொல்ல ஆள் கிடையாது.

ஹெல்கா: சன்னா, நாப்பது வருஷத்துல நான் ஒரு நோயாளிகிட்டகூடப் பொய் சொன்னதில்ல. பிசாசைப் பார்த்தேன்னு வந்தவங்க இருக்காங்க, செத்த மாமியார் கனவுல வந்து திட்டினாங்கன்னு வந்தவங்க இருக்காங்க. ஒருத்தரையும் இல்லைன்னு அடிச்சுச் சொன்னதில்ல, ஆமான்னு தலையாட்டினதும் இல்ல. உனக்குத் தெரியும்.

சன்னா: தெரியும். அன்னைக்கு நீங்க கேட்ட மொதக் கேள்வியே, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு, வந்தா என்ன செய்வீங்க?"ன்னுதான். வெளியில வந்ததும் அவரு, "இந்தம்மா கேக்கத் தெரிஞ்சவங்க"ன்னாரு. வண்டியில போறப்ப அழுதாரு.

ஹெல்கா: அவர் அழுதாரா?

சன்னா: ...எனக்காக.

ஹெல்கா: ம்.

சன்னா: எங்களுக்கு ரொம்பப் பயம் அப்போ. பக்கத்துக் காலனிக்காரர் ஒருத்தரை நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில வச்சிருந்து ரெண்டு வருஷம் கழிச்சு அனுப்பினாங்க. பெத்த பிள்ளைங்க பேரே மறந்து போயிருந்துச்சு அந்த மனுஷனுக்கு.

ஹெல்கா: இரு. ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்.

சன்னா: நேரம் ஆகுது...

ஹெல்கா: பக்கத்து அறைதான்... இந்தா. ஓய்வு வாங்கினப்ப நோயாளிங்க கோப்புகளை எல்லாம் எரிச்சுட்டேன். விதிப்படி எரிக்கணும். இது ஒண்ணைத் தவிர.

சன்னா: என் பேரு போட்டிருக்கு.

ஹெல்கா: உன் கோப்புதானே. படிக்கறேன், கேளு. "நோயாளி நாற்பத்து மூன்று வயதுப் பெண். கூடி உழைத்து, கூடி உண்டு வாழும் ஹட்டரைட் கிறிஸ்தவக் காலனிப் பிரசங்கியாரின் மனைவி. சபை முன் வாசிக்கும்போது பிசாசு தன் நாவில் அமர்ந்து தெய்வநிந்தனைச் சொற்களை எழுப்புவதாகக் கூறுகிறார். தான் கைவிடப்பட்டதாக உறுதியாக நம்புகிறார். இவர்கள் இதைச் சோதனை என்கிறார்கள். அவர்களிடையே இது பழகிய துன்பம், வெட்கம் அல்ல. அந்த நம்பிக்கையோடு வாதாட வேண்டாம். கடுமையான மனச்சோர்வு. சபை அவரைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் மருந்து தருகிறேன். மருத்துவமனை தேவையில்லை."

சன்னா: நல்லா எழுதியிருக்கீங்க.

ஹெல்கா: வெட்கம் அல்லன்னு எழுதியிருக்கேன். சரிதானே?

சன்னா: சரிதான். ஆட்டுக்கு வந்தா வெட்கம் இல்ல.

ஹெல்கா: மேய்ப்பனுக்கு வந்தா?

சன்னா: ...காபி ஆறிடுச்சு.

ஹெல்கா: சூடு பண்ணித் தர்றேன். இதையும் கேளு. "ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் முன் கணவரின் முகத்தைப் பார்க்கிறார். கணவரின் அதிகாரத்துக்கு மிகவும் அஞ்சுகிறார் போலும்."

சன்னா: அதிகாரமா? அவருக்கா? பசிச்சா பசிக்குதுன்னு சொல்லத் தெரியாத மனுஷன் டாக்டரம்மா அவரு. மணியடிச்சாத்தான் பசியே வரும்.

ஹெல்கா: எனக்கு அப்படித்தான் தோணுச்சு. கறுப்புக் கோட்டு, தாடி, பேசாம உட்கார்ந்திருக்கற புருஷன். பொண்டாட்டி வாயைத் திறக்க அனுமதி கேக்கறா. உங்க ஜனங்களைப் பத்திப் புஸ்தகமெல்லாம் படிச்சுத் தயாரா உட்கார்ந்திருந்தவ நான். பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன்.

சன்னா: எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க.

ஹெல்கா: ரெண்டாவது மாசம் என்ன எழுதியிருக்கேன் பாரு. "வாய் வறள்கிறதா என்று கேட்டேன். இந்த மாத்திரைக்கு அது வழக்கம். கணவரைப் பார்த்தார். பிறகு, ஆமாம், ரொம்ப என்றார்." ஆறாவது மாசம். இது தனித்தாள். ரத்தப் பரிசோதனை. உன் கையிலேருந்து எடுத்த ரத்தம்.

சன்னா: ஞாபகம் இருக்கு. நர்ஸம்மாவுக்கு நரம்பு கிடைக்கல.

ஹெல்கா: "மருந்தின் சுவடு இல்லை." ஒரு துளிகூட இல்ல, சன்னா. ஆறு மாசம் தினம் மாத்திரை சாப்பிட்ட உடம்புல.

சன்னா: அதை ஏன் அப்பவே என்கிட்ட கேக்கல?

ஹெல்கா: கேக்கத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை காலனிக்கு வந்தேன். ஆராதனை நடந்துக்கிட்டிருந்துச்சு. பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்தேன். அவர் ஒரு வரி வாசிப்பார், நீங்க எல்லாரும் அந்த வரியைப் பாடுவீங்க. நீ பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசை. என்ன குரல் உனக்கு, கணீர்னு.

சன்னா: எங்கம்மா குரல்.

ஹெல்கா: அவர் பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி. ரெண்டு வரிக்கு ஒரு தடவை எடுத்துக் குடிச்சார். நாக்கு மேல ஒட்டிக்குது, பிரிக்க முடியாமப் பிரிச்சு வாசிச்சார்.

சன்னா: வெயில் காலம்.

ஹெல்கா: ஏப்ரல் மாசம். ஏரியில பனிக்கட்டியே உருகல. இன்னொண்ணும் பார்த்தேன். ஒரு பொம்பளைகூட எழுந்து நின்னு வாசிக்கல.

சன்னா: பொம்பளைங்க வாசிக்கறது எங்க வழக்கம் இல்ல.

ஹெல்கா: ஆமா. "சபை முன் வாசிக்கும்போது"ன்னு நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டேன். நீ எப்போ சபை முன்னாடி வாசிச்சன்னு கேக்க எனக்குத் தெரியல.

சன்னா: டாக்டரம்மா... அதுக்கு அடுத்த தடவை வந்தப்ப அவரு மார்ல ஒயரெல்லாம் ஒட்டி இதயத்தைப் படம் எடுத்தீங்க.

ஹெல்கா: எடுத்தேன். அந்த மாத்திரை சாப்பிடறவங்க இதயத்தைப் பார்த்துக்கணும்.

சன்னா: பொண்டாட்டிக்கு இந்த மாத்திரை குடுத்தா புருஷன் இதயத்தையும் பார்க்கணும், அரசாங்க விதின்னு சொன்னீங்க. வருஷா வருஷம் எடுத்தீங்க. அப்படி ஒரு விதி இருக்கா?

ஹெல்கா: இல்ல.

சன்னா: நாப்பது வருஷத்துல ஒரு பொய்கூட இல்லைன்னீங்களே.

ஹெல்கா: நோயாளிகிட்ட சொன்னதில்லன்னேன். அவர் என் நோயாளி இல்லையே.

சன்னா: ...இல்ல. கோப்புல இல்ல.

ஹெல்கா: நீயே யாக்கோபுகிட்ட பேசிடேன்.

சன்னா: முடியாது. அவரு கையைப் பிடிச்சு வாக்குக் குடுத்திருக்கேன். சாகறதுக்கு முந்தின வாரமும் கேட்டாரு, மறுபடியும் குடுத்தேன். என் வாயால யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு.

ஹெல்கா: எதை?

சன்னா: எதைன்னு சொன்னாலே மீறினதாயிரும். அதான் பொய்யா ஒண்ணு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன்.

ஹெல்கா: நான் எழுத மாட்டேன். நான் எழுதினா ஒரு மனுஷர் சாகிற வரைக்கும் மறைச்சதை நான் வெளியில சொன்னதா ஆகும். ஆனா இது உன் கோப்பு. உன் ரத்தம். இந்தத் தாளை நீ கேட்டா நான் குடுத்தே ஆகணும். இதுக்கு நிஜமாவே விதி இருக்கு.

சன்னா: இந்தத் தாளையா?

ஹெல்கா: அவன் கையில குடு. நீ வாயைத் திறக்க வேண்டாம். மாசா மாசம் மாத்திரை டப்பா வீட்டுக்கு வந்தது அவனுக்குத் தெரியும், அப்ப பதிமூணு வயசு. பன்றிக்குத் தீவனம் எடை போடறவனுக்கு இந்தக் கழித்தல் வராதா? மடிச்சு வச்சுக்கோ. நனைஞ்சிடாம.

சன்னா: எப்போலேருந்து டாக்டரம்மா உங்களுக்கு...

ஹெல்கா: எனக்கு என்ன? ஒண்ணும் தெரியாது. ஹாரன் கேக்குது பாரு.

சன்னா: ஒரு தடவைதான் அடிச்சிருக்கான்.

ஹெல்கா: ரெண்டாவதும் அடிச்சாச்சு. ஓடு.

*

சன்னா: ஹலோ... டாக்டரம்மா வீடா? சன்னா பேசறேன். காலனி ஆபீஸ் போன்லேருந்து.

ஹெல்கா: சன்னா... எட்டு மாசம் ஆச்சு. ஜூன் வந்தாச்சு. ஒரு தகவல் இல்ல.

சன்னா: இங்க பக்கத்துல ஆள் இருந்துக்கிட்டே இருப்பாங்க. இன்னைக்கு எல்லாரும் வெங்காயத்துக்குக் களையெடுக்கப் போயிட்டாங்க. முட்டி வலின்னு சொல்லிட்டு நின்னுட்டேன்.

ஹெல்கா: பொய்யா?

சன்னா: முட்டி வலிக்குது. எப்பவும் வலிக்குது.

ஹெல்கா: நானே கூப்பிடலாம்னு எத்தனையோ தடவை போனை எடுத்தேன். என்ன சேதி வருமோன்னு வச்சிட்டேன். அந்த டவுன் டாக்டர் போன குளிர்காலத்துல ஒரு நாள் கூப்பிட்டார். யாரைப் பத்தின்னு சொல்லல, நானும் கேக்கல. சோதனைன்னா என்ன, அதை எந்தப் பெட்டியில போடறதுன்னு மட்டும் கேட்டார்.

சன்னா: என்ன சொன்னீங்க?

ஹெல்கா: எல்லாப் பெட்டிக்கும் கீழே "மற்றவை"ன்னு ஒரு வரி இருக்கும், அதுல அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க, அப்புறம் அதைப் பத்தி அவங்களையே கேளுங்கன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சன்னா, யாக்கோபு...

சன்னா: சொல்றேன். சொல்லத்தான் கூப்பிட்டேன்.

ஹெல்கா: அதுக்கு முன்னாடி ஒண்ணு. அன்னைக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். அந்த ஏப்ரல் ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் பத்து வருஷம் கேள்வியை உன்னைப் பார்த்துக் கேட்டேன், பதிலை அவர் முகத்துல படிச்சேன். தப்புன்னு தெரிஞ்சும் கோப்பைத் திருத்தல. திருத்தினா அவர் வர மாட்டாருன்னு பயம். தப்பா எழுதினதை எரிக்கவும் மனசு வரல.

சன்னா: எங்களுக்கும் தெரியும். மூணாவது தடவை இதயப் படம் எடுத்தப்பவே, "இந்தம்மாவுக்குத் தெரியும், சன்னா"ன்னாரு. தெரிஞ்சும் கேக்காம இருக்காங்களேன்னு உங்களுக்காக ஜெபம் பண்ணுவாரு.

ஹெல்கா: ...

சன்னா: இருக்கீங்களா?

ஹெல்கா: இருக்கேன். தாளைக் குடுத்தியா?

சன்னா: சனிக்கிழமை குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சான். மறுபடி உட்கார்ந்து படிச்சான். "அப்போ அந்த மாத்திரையெல்லாம் யார் சாப்பிட்டது?"ன்னு கேட்டான்.

ஹெல்கா: நீ என்ன சொன்ன?

சன்னா: ஒண்ணும் சொல்லல. உங்க அறையில பதில் சொல்றதுக்கு முன்னாடி எப்பவும் அவரைப் பார்ப்பேனே, அந்த மாதிரி அவரு நாற்காலியைப் பார்த்தேன். யாக்கோபும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தான். மறுநாள் சபையில எழுந்தான், ஆனா தள்ளி வைங்கன்னு கேக்கல. எனக்குச் சோதனை வந்திருக்கு, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டான். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனான். இப்ப மாத்திரை சாப்பிடறான். முழுசாச் சரியாகல. மாசத்துல ரெண்டு ஞாயிறு அவன் வாசிக்கிறான், மத்த ரெண்டுக்கும் பக்கத்துக் காலனிப் பிரசங்கியார் வர்றாரு. ரெபேக்கா கொட்டகைச் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டா. ஞாயித்துக்கிழமை அவன் பக்கத்துல தண்ணி வைக்கறதும் அவதான். அந்த டாக்டருக்கு இப்ப வாத்து போகுது. நான் கோழிங்களைப் பார்த்துக்கறேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் பின்னாடி கல்லறையில, அவங்க அப்பா பக்கத்துல கிடக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சதையே சொன்னா வாக்கு மீறினதாகாது, அதனால ஒரு தடவை என் வாயால சொல்லிடறேன். பதினோரு வருஷம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டது அவருதான் டாக்டரம்மா. எனக்கு ஒரு நாளும் சோதனை வந்ததில்ல. கோப்புல மட்டும் என் பேரே இருக்கட்டும், திருத்தாதீங்க.